படுக்கையும் பருப்பும்

1

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பற்றி "தோப்பூருக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், என்ன நோய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் போய் அங்கே மதுரை பஸ் பிடித்தால் திருமங்கலம் தாண்டி வரும் ஊர் தோப்பூர். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் எய்ம்ஸ் ஞாபகம் வரும். முந்தைய தலைமுறைக்குத் தோப்பூர் என்றால் ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிதான். ஊரில் அதற்கு ஒரே பெயர், டிபி ஆஸ்பத்திரி.

அந்த நோய்க்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. சயம், காசம், எலும்புருக்கி. கடைசிப் பெயரை வைத்தவர் நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆள் உருகுவது கண்ணுக்குத் தெரியும். கன்னம் ஒட்டும், தோள்பட்டை எலும்பு துருத்தும், சட்டை தொளதொளவென்று ஆகும். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, விடாத இருமல். எங்கள் கரிசல் காட்டில் இவ்வளவு அறிகுறிகளையும் மூடி மறைக்க ஒரே சொல் உண்டு: "கொஞ்சம் மெலிஞ்சிட்டாரு."

இந்தச் சொற்களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. "கொண்டு போயிட்டாங்க" என்பது நோயாளி படுக்க வேண்டிய இடம் வீடு அல்ல, ஊருக்கு வெளியே எங்கோ என்ற நம்பிக்கை. "மெலிஞ்சிட்டாரு" என்பது நோய்க்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு. இந்த இரண்டில் முதலாவதை 1950களில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு உடைத்துப் போட்டது. உலகம் முழுக்க மருத்துவத்தை மாற்றிய ஆய்வு அது. உடைத்த வேகத்தில் இரண்டாவது நம்பிக்கையையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அதை எடுத்து மறுபடி உரிய இடத்தில் வைக்க அறுபது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அந்தக் கதைதான் இது.

2

சென்னையில் வேலை பார்க்கும் ஐடி ஆட்களுக்கு ஒரு ரயில் நிலையம் நன்றாகத் தெரியும், தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வளாகத்துக்குப் போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். "சானடோரியத்துல இறங்கிடு" என்று தினமும் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்று எனக்குத் தெரியாது. காசநோயாளிகள் மாதக்கணக்கில், சமயங்களில் வருஷக்கணக்கில், தங்கி ஓய்வெடுக்கும் இடம் என்று அர்த்தம்.

சானடோரியம் என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுடையது. ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் 1850களில் சைலீசியா மலைப்பகுதியில் நடத்திய விடுதியிலிருந்து அது பரவியது. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, கட்டுப்பாடான ஓய்வு. 1882 மார்ச் 24ல் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான கிருமியை அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது, அதைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. அதனால் அதற்குப் பிறகும் அறுபது வருஷத்துக்கு மேல் காற்றும் பாலும் முட்டையும் படுக்கையுமே வைத்தியம்.

அந்த யோசனையைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திய மருத்துவர். கணித மேதை ராமானுஜன் 1917ல் அங்கே சிகிச்சையில் இருந்திருக்கிறார். (அவருக்கு வந்தது காசநோய்தானா என்பது பின்னாளில் கேள்விக்குள்ளானது.) சௌரிமுத்து இந்தியா திரும்பி, 1928ல் தாம்பரம் பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

நல்ல காரியம்தான். ஆனால் கணக்கு உதைத்தது. இந்திய சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு 1946ல் தந்த அறிக்கை, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும் வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் பேர் சாவதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கு இருந்த படுக்கைகள் சுமார் 6,000. நானூறு பேருக்கு ஒரு படுக்கை. வருஷக்கணக்கில் ஒருவரே படுத்திருக்கும் படுக்கை வேறு. மென்பொருள் பாஷையில் சொன்னால், இது ஸ்கேல் ஆகாத வடிவமைப்பு. இன்னும் நூறு சானடோரியம் கட்டியிருந்தாலும் மல்லாங்கிணறு மாதிரி ஊரிலிருந்த ஒரு சம்சாரிக்கு அதில் இடம் கிடைத்திருக்காது.

3

1948ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த வருஷம்தான் புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தார். வயது 42. சினிமா வேலையாகப் புனே போன இடத்தில் நோய் முற்றி, திருவனந்தபுரத்தில் போய் முடிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஜின்னா இறந்தார். அவர் நுரையீரலிலும் காசநோய். ஒருவர் கையில் காசில்லாத எழுத்தாளர், இன்னொருவர் ஒரு நாட்டின் தலைவர். மருந்து இல்லாத காலத்தில் இந்த வித்தியாசம் பெரிதாக உதவவில்லை.

அதே 1948 அக்டோபரில் பிரிட்டனில் ஓர் ஆய்வு முடிவு வெளியானது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. போரில் நொந்துபோயிருந்த பிரிட்டனால் அதைக் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. இருப்பது எல்லோருக்கும் போதாது என்றான பிறகு, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறை. இன்று நாம் ஒரு செயலியின் பட்டனை மாற்றும்போது பயனர்களை இரண்டாகப் பிரித்து ஏ/பி டெஸ்ட் செய்கிறோமே, அதன் மூதாதை இதுதான். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர்.

சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. முதலில் தேறிய நோயாளிகள் பிறகு சரிந்தார்கள். பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கிருமியால் அவ்வளவு எளிதில் தப்ப முடியவில்லை. 1952ல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும். மாத்திரைகள் வந்துவிட்டன. இந்தியாவுக்கு முன்னால் இருந்த கேள்வி, மாத்திரை இருக்கும்போது படுக்கை வேண்டுமா என்பது.

4

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 1956ல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள், காசநோய் வேதிசிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிறது. இப்போது அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் வீட்டுக்கு. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் காற்றோட்டமான வார்டு, நர்ஸ், ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டில் இருந்தவர்கள் ஒற்றை அறையில் மொத்தக் குடும்பத்தோடு படுத்தார்கள். சாப்பாடு குறைவு. ஓய்வெடுக்க வசதியில்லாமல் வேலைக்குப் போனவர்களும் உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மாத்திரைகளை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கி அதில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

முடிவு 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஒரு வருஷ முடிவில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அன்றைய மருத்துவ உலகம் எதிர்பார்த்த பள்ளத்தாக்கு இரண்டுக்கும் நடுவில் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது இருந்த சிறு வித்தியாசமும் மங்கிவிட்டது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் ஊர் ஜனங்களின் கேள்வியும்: "வீட்டுல வச்சிருந்தா பிள்ளைகளுக்கு ஒட்டிக்காதா?" இரு பிரிவுக் குடும்பங்களையும் ஐந்து வருஷம் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. யோசித்தால் காரணம் புரியும். நோய் என்று கண்டுபிடிக்கும் முன்பே அந்த ஆள் அதே அறையில் மாதக்கணக்கில் இருமியிருக்கிறார். தொற்றிக்கொள்ள வேண்டியது அப்போதே தொற்றியிருக்கும். மருந்து ஆரம்பித்த பிறகு பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆக, ஆபத்தானவர் மாத்திரை சாப்பிடும் நோயாளி அல்ல, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர். மாத்திரை சாப்பிடுகிறவரின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற நம்முடைய ஜாக்கிரதைக்கு 1960களிலேயே அர்த்தம் போய்விட்டது.

இந்த முடிவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. நோயாளி வேலையை, குடும்பத்தை, ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்பது அடிப்படை விதியானது. பொதுவாக மருத்துவ அறிவு லண்டனிலிருந்து சென்னைக்கு வரும். இந்த முறை சென்னையின் குடிசைப் பகுதியிலிருந்து லண்டனுக்குப் போனது.

5

1962ல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம், மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே சிகிச்சை. அதற்கு முன் 1955 முதல் 58 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து வியாதி என்ற எண்ணத்தையும் உடைத்திருந்தது. கிராமத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அவர்கள் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விசாரித்து 1963ல் எழுதிய ஆய்வு இதற்கு வேறு பதில் சொன்னது. நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியை யாரும் சோதிக்கவில்லை. இன்றைக்கும் அருப்புக்கோட்டை மில்லில் வேலை பார்ப்பவர் இருமினால் "பஞ்சுத் தூசி" என்று அவரே சொல்லிக்கொள்வார், மருந்துக் கடைக்காரரும் ஆமாம் என்று ஒரு சிரப்பை நீட்டுவார். பஞ்சுத் தூசியாலும் இருமல் வரும்தான். எது எது என்று சளியைச் சோதித்தால்தான் தெரியும்.

திட்டத்தின் இன்னொரு ஓட்டையை வாலஸ் ஃபாக்ஸ் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார். நோயாளி தானாக மருந்து சாப்பிடுவது என்பது ஒரு பிரச்சினை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு வரும். அதற்குமேல் எதற்கு மாத்திரை? எங்கள் தெருவில் மில்லுக்குப் போன ஒரு பெரியப்பா இதே கணக்கைத்தான் போட்டார். "நல்லாத்தானப்பா இருக்கேன், இன்னும் எதுக்கு இந்த மாத்திரை? தின்னா வயித்தப் பெரட்டுது." திருப்பூருக்கு வேலைக்குப் போனார், மாத்திரை அட்டை வீட்டுப் பரணிலேயே இருந்தது. அடுத்த வருஷம் மறுபடி வந்த நோய்க்குப் பழைய மருந்து கேட்கவில்லை. அவரைக் குறை சொல்வது சுலபம். ஆறு மாதம் தினமும் விழுங்க வேண்டும், மாத்திரை வாங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்ற நிலையில் எத்தனை பேர் முடிப்போம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னை மையம் 1960களிலேயே இதற்கு ஒரு வழியைச் சோதித்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மருந்து, அதையும் ஊழியர் கண் முன்னால். அது வேலை செய்தது. பின்னாளில் டாட்ஸ் என்று உலகம் முழுக்கப் பரவிய திட்டத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் நாட்டுத் திட்டம் பல ஆண்டுகள் தள்ளாடியது. 1992ல் நடந்த மதிப்பாய்வு, மருந்தைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முடிக்கிறார்கள் என்று கண்டது. அதன் பிறகுதான் 1997ல் திருத்திய திட்டம் நாடு தழுவி விரியத் தொடங்கியது. ரிஃபாம்பிசின் வந்த பிறகு சிகிச்சைக் காலமும் ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது. இன்றைய வழக்கமான சிகிச்சை அதுதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. எல்லாம் இலவசம்.

6

இப்போது பருப்புக்கு வரலாம்.

சென்னை ஆய்வின் ஒரு பகுதியாக, நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் அளந்தார்கள். 1961ல் அது தனிக் கட்டுரையாக வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக எடை போட்டார்கள். ஆனாலும் நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து ஒழுங்காகப் போனால், வறிய சாப்பாட்டிலும் நோய் தணியும். இதுதான் கண்டுபிடிப்பு. ஏழை நாட்டுக்கு இது ஆறுதலான செய்தி. எல்லோருக்கும் பாலும் முட்டையும் கொடுத்த பிறகுதான் வைத்தியம் என்றால், வைத்தியம் தொடங்கியே இருக்காது.

ஆனால் ஒரு வாக்கியம் கை மாறும்போது தேயும். "மருந்து இருந்தால் குறைந்த சாப்பாட்டிலும் குணமாகும்" என்பது மெல்ல மெல்ல "காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை" என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. சென்னை ஆய்வு கேட்டது ஒரு கேள்வி: மருந்து சாப்பிடுகிறவர் எங்கே இருந்தால் குணமாகிறார்? அது கேட்காத கேள்விகள் உண்டு. யாருக்கு முதலில் நோய் வருகிறது? மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் யார் சாகிறார்கள்?

காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடம்பில் அது ஆயுள் முழுக்க அடங்கிக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழும். எச்ஐவி, சர்க்கரை நோய், புகை, குடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டினி. சர்க்கரை இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாத சேதி. சத்துக்குறைவு, நாடு முழுக்கப் பார்த்தால், அதைவிடப் பெரிய வாசல்.

இது புதிய ஞானமும் இல்லை. இங்கிலாந்தில் மருந்து வருவதற்கு நெடுங்காலம் முன்பே காசநோய்ச் சாவுகள் தொடர்ந்து குறைந்துவந்ததை தாமஸ் மெக்கியூன் சுட்டிக்காட்டி, சாப்பாடு தேறியதே காரணம் என்று வாதிட்டார். கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் என்று ஒரு குடியிருப்பு. முதல் உலகப் போர்க் காலத்தில் காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, வேலையும் வீடும் நல்ல சாப்பாடும் கொடுத்தார்கள். நோயாளிப் பெற்றோருடன் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றியது, ஆனால் நோய் அரிதாகவே வந்தது. மருந்தில்லாத காலத்தில் இது. இந்தப் பழைய கதையைத் தூசு தட்டி எடுத்து, இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு என்று எழுதியவர்கள் அனுராக் பார்கவாவும் அவர் சகாக்களும்.

எழுதியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் சுமார் 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் சத்துணவுப் பொட்டலம் உண்டு. குலுக்கலில் தேர்வான பகுதிகளில் வீட்டாருக்கும் கொடுத்தார்கள். ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, அத்துடன் சத்து மாத்திரை. மற்றப் பகுதிகளில் வீட்டாருக்கு இல்லை. முடிவு 2023 ஆகஸ்டில் லான்செட்டில் வந்தது. பருப்பு போன வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது.

எந்த ஊசியும் இல்லை, அரிசியும் பருப்பும்தான். இதில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று, 1956ல் வாலஸ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த அதே சேத்துப்பட்டு நிறுவனம். தன்னுடைய பழைய முடிவை அது மறுக்கவில்லை. அன்று கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டிருக்கிறது.

7

படுக்கைக்கும் இதே கதிதான். வீட்டிலேயே சிகிச்சை என்ற விதி எவ்வளவு வெற்றி பெற்றதோ, அவ்வளவுக்கு ஒரு சிறு கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மிக மோசமான நிலையில் வந்து சேர்கிறவர்கள். அவர்கள் கையிலும் அதே மாத்திரை அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். காசநோய் சிகிச்சையில் நடக்கும் சாவுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நடக்கிறது. மருந்து வேலை செய்யும் முன்பே ஆள் போய்விடுகிறார்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஒரு திட்டம் தொடங்கியது, காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வகுத்தது. அதன் மையம் ஒரே ஒரு தாள். புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா. காலில் வீக்கம் உண்டா. நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு. யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதில் தேறாதவர்களை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முழுதாகப் பரிசோதித்து, படுக்கை கொடுத்து, உணவும் மருந்தாகக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வேலையில் காலை எழுந்ததும் வந்து குவிந்திருக்கும் பிழைகளைத் தரம் பிரிப்போம். எது இப்போதே தீ பிடித்து எரிகிறது, எது நாளைக்குக் காத்திருக்கும் என்று. எல்லாவற்றையும் வந்த வரிசையில் பார்த்தால் முக்கியமானது செத்துப்போகும். காசநோயில் இந்தத் தரம் பிரிப்பை மாநிலம் முழுக்கச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. லேப் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கும் டேப், ஒரு கைக்கடிகாரம், கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டுக்கும் வந்த அந்த விரல் கிளிப். தொடங்கிய முதல் வருஷத்திலேயே பல மாவட்டங்களில் ஆரம்பக்கட்டச் சாவுகள் குறைந்தன.

1959ல் சென்னை, "எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை" என்று உலகத்துக்குச் சொன்னது. 2022ல் அதே ஊர், "சிலருக்குக் கட்டாயம் தேவை" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இரண்டும் முரண் அல்ல. முதல் வாக்கியம் லட்சக்கணக்கானவர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றியது. இரண்டாவது வாக்கியம் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்த சிலரைத் தேடுகிறது.

8

இன்றும் உலகத்துக் காசநோயாளிகளில் கால்வாசிக்கு மேல் இந்தியாவில்தான். வருஷத்துக்குச் சாவு 3 லட்சம் அளவில் இருக்கிறது. குணப்படுத்தும் மருந்து கைக்கு வந்து எழுபது வருஷம் ஆன நோய்க்கு இது பெரிய எண்.

எங்கள் பக்கத்தில் நிலைமை முன்பு மாதிரி இல்லை. விருதுநகரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சளியை வைத்து ஓரிரு மணி நேரத்தில் கிருமியைச் சொல்லும், மருந்துக்கு அடங்குமா என்றும் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. நோயாளியின் சாப்பாட்டுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, சளியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தெரிந்தவர் யாரும் "கொஞ்சம் மெலிஞ்சிட்டாரு" என்றால் அதைப் பேச்சாக விடாமல், எத்தனை கிலோ, எத்தனை மாசத்தில் என்று கேட்கப் பழக வேண்டும்.

ஆனால் அந்த 1,000 ரூபாய் நோயாளிக்கு மட்டும்தான். நடைமுறை என்னவென்று கரிசலில் பிறந்த யாருக்கும் தெரியும். வீட்டில் ஒரு பானைதான், நோயாளிக்கென்று வாங்கிய முட்டையை அம்மா பேரனுக்குத்தான் உரிப்பாள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்ற தலைமுறை போய், ரேஷன் அரிசி எல்லோர் வயிற்றையும் நிறைத்துவிட்டது. அது பெரிய காரியம். பட்டினி போனது, ஆனால் தட்டில் பருப்பும் பயறும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஜார்கண்ட் ஆய்வு சொன்னதோ, நோயாளியின் வீட்டாருக்கும் பருப்பு போனால்தான் அடுத்த நோயாளி உருவாவது குறையும் என்று. அவர்கள் கணக்கில் ஆளுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. ரேஷன் கடையில் எல்லாக் குடும்பமும் அட்டையோடு வரிசையில் நிற்கிற நாடு தமிழ்நாடு. காசநோய் கண்டறியப்பட்ட வீட்டின் அட்டைக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் கூடுதல் பருப்பு என்று ஒரு வரி சேர்ப்பது தொழில்நுட்ப ரீதியாக ஒரு வாரத்து வேலைகூட இல்லை. நோயாளியின் பெயர் வெளியே தெரியாமல் அதைச் செய்வதுதான் யோசித்துச் செய்ய வேண்டிய பகுதி.

மருந்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முதலில் நிரூபித்துக் காட்டிய ஊர் சென்னை. அந்த மருந்து போன வீட்டுக்குப் பருப்பையும் சேர்த்து அனுப்பினால், 1956ல் தொடங்கிய வேலை முழுமையாகும்.